கடைசியாகத் தொட்ட இடம்

சனிக்கிழமை மாலை ஹோஸ் மாற்றியாயிற்று. தரையில் கொட்டிய ஆயிலின் மேல் மரத்தூள் தூவிக் கூட்டி அள்ளியாயிற்று. திங்கட்கிழமை காலை, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில், அந்த இரண்டு டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் முதல் பேலட்டைத் தூக்கப் போனது. தரை காய்ந்திருந்தது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஃபோர்க் பாதி உயரம் வரை ஒழுங்காக ஏறியது. அதற்கு மேல் முனகல். வெட்டி வெட்டி நகர்ந்து, உச்சிக்கு ஓரடி இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணே, லீக் நின்னுச்சு. வண்டியும் சேந்து நின்னுச்சு” என்றார் ஆப்பரேட்டர்.

வேறு வேலையாக அங்கே போயிருந்த நான் அடுத்த கால் மணி நேரத்தில் நான்கு தீர்ப்புகளைக் கேட்டேன். “ஏர் ஏறியிருக்கு, நாலு தடவை ஏத்தி இறக்குனா சரியாயிடும்” என்றார் ஆப்பரேட்டர். “ரெண்டு நாள் லீக்கோடயே ஓட்டிட்டீங்க, பம்பு போச்சு” என்றார் மெக்கானிக். “வால்வை ஒரு சுத்து டைட் பண்ணுப்பா, தானா தூக்கும்” என்றார் சூப்பர்வைசர். ஓரமாக நின்றிருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் மட்டும் பழுதின் பெயரைச் சொல்லவில்லை. “கடைசியா எதைத் தொட்டீங்களோ, அதை மொதல்ல பாருங்க” என்றார்.

கசிவை அடைத்த பிறகு ஃபோர்க்லிஃப்ட் தகராறு செய்யும் எந்தப் பட்டறையிலும் இந்த நான்கு குரல்களில் ஒன்றாவது எழும். நான்கையும் எடைபோட்டு, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதே இங்கே நோக்கம். அளவுகோல்கள் மூன்று. கண்ணில் பட்ட அறிகுறிகள் அனைத்துக்கும் அந்தக் கருத்து விடை சொல்கிறதா? எதையும் கழற்றாமல் அதைச் சோதிக்க முடியுமா? அது தப்பாகிப்போனால் இழப்பு என்ன: நேரமா, பணமா, ஆளா?

முதலில் கணக்கு

எடைபோடும் முன் தராசைச் சரிபார்க்க வேண்டும். ஹைட்ராலிக்ஸில் அந்தத் தராசு ஒரே வரிதான்: வேகம் என்பது எவ்வளவு ஆயில் வருகிறது என்பது, பலம் என்பது எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்பது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தூக்கும் சிலிண்டர்கள் இரண்டு. பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். இரண்டின் பரப்பும் சேர்த்து ஏறக்குறைய 39 சதுர சென்டிமீட்டர். செயின் கப்பிமேல் ஓடுவதால் தண்டு ஓரடி ஏறினால் ஃபோர்க் ஈரடி ஏறும். அதற்கு விலையாகத் தண்டு இரு மடங்கு பளுவைச் சுமக்க வேண்டும். சுமை 2,000 கிலோ, ஃபோர்க்கும் அதைத் தாங்கும் சட்டமும் 500 கிலோ என்றால், தண்டுகளின் தலையில் 5,000 கிலோ. அதை 39-ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 128 கிலோ. அதாவது சுமார் 125 பார். இந்த அளவு வண்டிகளில் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 175 பாருக்குச் சற்று முன்பின்னாக வைக்கப்பட்டிருக்கும். ஆக, நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு முழுச் சுமையைத் தூக்கிய பிறகும் கையிருப்பு உண்டு.

இனி வேகம். பம்பு நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளினால் ஃபோர்க் நொடிக்கு 34 சென்டிமீட்டர் ஏறும். மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒன்பது நொடி போதும். அப்படி ஏறி முடிக்கும்போது டேங்கிலிருந்து கிளம்பிச் சிலிண்டர்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் ஆயில் சுமார் 6 லிட்டர். இந்த 6 லிட்டரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வெறும் ஃபோர்க்கே மெதுவாக ஏறினால் ஆயில் வரத்தில் குறை. வெறும் ஃபோர்க் விறுவிறுவென்று ஏறி, சுமை வைத்ததும் நின்றால் அழுத்தம் எழவில்லை, அல்லது எழுந்த அழுத்தம் எங்கோ உள்ளுக்குள் ஒழுகுகிறது. ஃபோர்க் ஏறி இறங்கும் தூணான மாஸ்ட் முன்னும் பின்னும் சாய்வதைப் பார்ப்பது இரண்டாவது இலவசச் சோதனை. சாய்வும் தூக்கலும் சேர்ந்து சோர்ந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: டேங்க், உறிஞ்சும் குழாய், பம்பு, முதன்மை ரிலீஃப் வால்வு. சாய்வு நன்றாக இருந்து தூக்கல் மட்டும் சோர்ந்தால் பம்பின் மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

“ஏர் ஏறியிருக்கு”

ஆப்பரேட்டரின் கருத்துக்கு நல்ல அடிப்படை உண்டு. ஹோஸைக் கழற்றினாலும் சீல் மாற்றச் சிலிண்டரைத் திறந்தாலும் ஆயில் வெளியேறிய இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். ஆயிலை 70 பார் அழுத்தத்தில் நெருக்கினாலும் அதன் பருமன் அரை சதவீத அளவுக்குத்தான் குறையும். காற்று அப்படியல்ல, நூறு பாரில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அழுத்தம் முதலில் அந்தக் காற்றைச் சுருக்கும், பிறகே சுமையைத் தூக்கும். சுமை அசைந்ததும் காற்று விரியும், ஃபோர்க் துள்ளும். வெட்டி வெட்டி ஏறுவதன் காரணம் இதுதான்.

மருந்தும் எளிது. சுமையில்லாமல், அவசரமில்லாமல், அடிமுதல் உச்சிவரை ஆறேழு முறை ஏற்றி இறக்கினால், சிக்கிய காற்று ஆயிலோடு டேங்குக்குத் திரும்பி அங்கே பிரிந்து வெளியேறும். சில சிலிண்டர்களின் தலையில் காற்றை வெளியேற்றவே தனித் திருகு இருக்கும். மாஸ்டை இரு பக்கமும் முழுக்கச் சாய்த்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் சிலிண்டரின் அடியில், ஹோஸ் வெடித்தால் சுமை தடாலென்று விழாமல் ஆயிலை அடைத்துக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு உண்டு. காற்று கலந்த நிலையில் வேகமாக இறக்கினால் அது தவறாக மூடிக்கொண்டு ஃபோர்க் அந்தரத்தில் நிற்கும். கொஞ்சம் மேலே ஏற்றி, பிறகு மெல்ல இறக்கினால் விடுபடும். இது பழுதல்ல, வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் இந்தக் கருத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வேறு, உள்ளே வந்துகொண்டேயிருக்கும் காற்று வேறு. முன்னது பத்து நிமிட வேலை. பின்னது நாளெல்லாம் ஏற்றி இறக்கினாலும் தீராது, பம்பைத்தான் தின்னும்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள குழாயில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். அங்கே ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஒழுகும் ஓட்டையைத் தரை காட்டிக்கொடுக்கும். உள்ளே உறிஞ்சும் ஓட்டையைக் காதுதான் பிடிக்க வேண்டும். கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல் பம்பு கடகடத்தால் காற்று கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். இடைவிடாத கீச்சுக் குரலென்றால் ஆயில் போதாமல் பம்பு தவிக்கிறது: ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், டேங்க் மூடியிலுள்ள மூச்சுத்துளை அடைத்திருக்கலாம், பழைய ஹோஸின் உட்புற ரப்பர் உரிந்து வழியை மறித்திருக்கலாம். சந்தேகப்படும் இணைப்பின் மேல் கிரீஸைத் தடவிப் பாருங்கள். சத்தம் மாறினால் திருடன் அகப்பட்டான்.

இன்னொரு சாட்சி, ஒரு கண்ணாடிப் பாட்டில். டேங்கிலிருந்து கொஞ்சம் ஆயிலைப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். பால்போல வெளுத்திருந்து, சற்று நேரத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வந்தால் அது காற்று. தெளியாமல் மங்கியே நின்றால் தண்ணீர்; அந்த ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எனவே ஆப்பரேட்டரின் கருத்துக்கு என் மதிப்பெண் பாதி. சோதிக்க எளிது, தவறினாலும் நட்டம் குறைவு. ஆனால் ஏழு முறை ஏற்றி இறக்கியும் துள்ளல் தீரவில்லை என்றால் எட்டாவது முறை ஏற்றாதீர்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

“பம்பு போச்சு”

மெக்கானிக்கின் கருத்தையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. கியர் பம்பு, தான் தள்ளும் ஆயிலிலேயே மசகும் குளிர்ச்சியும் பெறுகிறது. கசிவால் டேங்க் வற்றிய நிலையில் ஓட்டினால், பற்சக்கரங்களின் ஓரத்திலுள்ள தகடுகளில் கீறல் விழும். அதன் பிறகு தள்ளிய ஆயிலில் ஒரு பகுதி அந்தக் கீறல்கள் வழியே பின்னால் வழுக்கி வந்துவிடும். கசிவை அடைத்த பிறகும் வண்டி சோர்ந்திருக்க இது நியாயமான காரணம். பழுதுபார்த்தவரின் கை சுத்தமாக இருந்தும் இந்தப் பழி வரக்கூடும்.

தேய்ந்த பம்புக்கு ஓர் அடையாளம் உண்டு. காலையில், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சுமாராகத் தூக்கும். மதியம் சூடேறி ஆயில் நீர்த்ததும் சோர்ந்துபோகும். ஆகவே காலையில் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை, அதே சுமையை அதே உயரத்துக்கு ஏற்றி நொடிகளை எண்ணுங்கள். கைக்கடிகாரம் போதும். கண்ட்ரோல் வால்வுப் பக்கமுள்ள சோதனைத் துளையில் 250 பார் கேஜ் ஒன்றையும் மாட்டினால் வழக்கு முக்கால்வாசி முடிந்துவிடும்.

இந்தச் சோதனை எதுவும் செய்யாமல் பம்பை மாற்றுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மெக்கானிக்கின் கருத்து அறிகுறிகளில் சிலவற்றுக்கு விடை சொல்கிறது, எல்லாவற்றுக்கும் சொல்வதில்லை. அது தப்பாகிப்போனால் ஒரு பம்பின் விலை போகும். அடைத்த ஸ்ட்ரெய்னரோ தளர்ந்த கிளாம்போ அப்படியே இருந்தால், பழைய பம்பைக் கொன்ற அதே காரணம் புதிய பம்பையும் கொல்லும். போதாததற்குப் புதிய வம்பும் வரலாம். கியர் பம்பு பெரும்பாலும் ஒரு பக்கம் சுழலத்தான் செய்யப்பட்டிருக்கும். திசை மாறியதை மாட்டினால் அழுத்தம் ஷாஃப்ட் சீலின் மேல் பாய்ந்து, ஓட்டிய உடனே சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும். கசிவை நிறுத்தப் போய்ப் புதுக் கசிவை விலைக்கு வாங்கிய கதையாகும். பம்பு குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் அதன்மீது தீர்ப்பு கடைசியாக எழுதப்பட வேண்டும்.

“வால்வை டைட் பண்ணு”

சூப்பர்வைசரின் யோசனைதான் நான்கிலும் மலிவானது. ஒரு ஸ்பேனர், ஒரு சுற்று, செலவு ஒன்றுமில்லை. அதனாலேயே பட்டறைகளில் அதிகம் நடப்பதும் அதுதான்.

ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வைப் போன்றது. எல்லை மீறிய அழுத்தத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. சனிக்கிழமை வரை சரியாக இருந்த அமைப்பு, ஹோஸ் மாற்றியதால் தானாகத் தளர்ந்துவிடாது. அப்படியானால் திருகியதும் சில சமயம் வண்டி தூக்குகிறதே, எப்படி? விடை பெரும்பாலும் குப்பையில் இருக்கிறது. ஹோஸ் வெட்டும்போது உதிர்ந்த ரப்பர்த் துகளோ, இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் பிசிறோ வால்வின் இருக்கையில் போய் மாட்டிக்கொள்ளும். வால்வு முழுக்க மூடாது, அழுத்தம் ஒழுகும். திருகை இறுக்கினால் ஸ்பிரிங் அந்தக் குப்பையோடு சேர்த்து அழுத்தி மூடிவிடும். வண்டி தூக்கும். பிறகு ஒரு நாள் அந்தத் துணுக்கு தானாக விலகும்போது, ரிலீஃப் எந்த அழுத்தத்தில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது என்ன நடக்கும்? பலவீனமான இடம் வெடிக்கும். பெரும்பாலும் அது இன்னொரு ஹோஸ். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. வண்டியால் தாங்க முடியாத சுமையை அது தூக்கத் தொடங்கும். அளவு மீறிய சுமையைத் தூக்க மறுப்பது ஃபோர்க்லிஃப்டின் குறையல்ல, காவல். அந்தக் காவலை எடுத்துவிட்டால் பின் சக்கரங்கள் தரையை விடும். திருப்புவது பின் சக்கரங்கள்தான் என்பதால், ஸ்டியரிங் அந்தக் கணத்தில் வெறும் அலங்காரம்.

மூன்றாவது அளவுகோலில் இந்தக் கருத்து முற்றாகத் தோற்கிறது. தப்பாகிப்போனால் இழப்பு ஆளாக இருக்கலாம். கேஜ் மாட்டாமல், அந்த வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு கையில் இல்லாமல், ரிலீஃப் திருகைத் தொடக் கூடாது. குப்பை இருக்கிறதென்று சந்தேகித்தால் வால்வைக் கழற்றிக் கழுவுங்கள், இறுக்காதீர்கள். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

“கடைசியா எதைத் தொட்டீங்களோ…”

மூத்த மெக்கானிக்கின் வாக்கு மற்ற மூன்றிலிருந்தும் வேறுபட்டது. மற்றவர்கள் ஒரு பழுதின் பெயரைச் சொன்னார்கள். அவர் தேடும் வரிசையைச் சொன்னார். நேற்று வரை ஓடிய இயந்திரம் இன்று ஓடவில்லை என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் நடந்ததே முதல் சந்தேகம். தர்க்கத்தில் பிழையில்லை.

இந்த விதி பிடித்துக்கொடுக்கும் பிழைகளின் பட்டியல் நீளமானது. சாய்வுச் சிலிண்டரின் இரு ஹோஸ்களும் இடம் மாறியிருந்தால் லீவரை முன்னால் தள்ளும்போது மாஸ்ட் பின்னால் வரும். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் மேல் அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாக மாட்டினால் ஏறுவது ஆமையாகும், இறங்குவது கல்லாகும். உள்விட்டம் குறைந்த ஹோஸைப் போட்டால் வேகம் குறைந்து ஆயில் சூடேறும். திருகு மரைகளில் ஒரு பழைய பொறி இருக்கிறது. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் பிரிட்டிஷ் மரைக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள்தான். இரண்டும் ஒன்றோடொன்று ஏறிக்கொள்ளும். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. கைக்கு இறுகியதாகத் தெரியும் இணைப்பு, அழுத்தத்தில் ஒழுகும். ஒழுகுவதை நிறுத்த டேப் சுற்றுவார்கள். டேப்பின் பிசிறு வால்வுக்குப் போகும். ஒரு பிழை அடுத்த பிழைக்கு வழிவிடும்.

ஊற்றிய ஆயிலும் தொட்ட பொருள்தான். ஹைட்ராலிக் ஆயிலில் 46 என்ற எண், 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை 46 சென்டிஸ்டோக் என்பதைக் குறிக்கும். 46 கேட்கும் வண்டியில் 32 ஊற்றினால் சித்திரை வெயிலில் நீர்த்துப்போகும். கையில் கிடைத்ததென்று பிரேக் ஆயிலை ஊற்றுவதோ பெருங்கேடு. ஹைட்ராலிக் அமைப்பில் வழக்கமாக இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

பேட்டரி வண்டியென்றால் தேடல் இன்னும் விரிய வேண்டும். தரைப்பலகையைத் தூக்கி வேலை பார்த்தபோது சீட் சுவிட்சின் கனெக்டர் கழன்றிருந்தால், உட்கார்ந்திருக்கும் ஆளை வண்டி உணராது, ஃபோர்க்கைத் தூக்காது. பேட்டரி ஏறக்குறைய 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் தூக்கலைத் தானாக நிறுத்திவிடும் வண்டிகளும் உண்டு. வாரக் கடைசி முழுக்க சார்ஜ் போடாமல் விட்டுவிட்டு, ஹைட்ராலிக்ஸைக் குடைவதில் பயனில்லை.

இவ்வளவு பலம் இருந்தும் இந்த விதி பொய்க்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, கசிவே வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கும்போது. சிலிண்டர் தண்டின் குரோமியப் பூச்சில் கீறல் விழுந்திருந்தால், மாற்றிய புதிய சீலையும் அது சில வாரங்களில் அறுத்துவிடும். மாஸ்டின் கப்பியில் உரசி அறுந்த ஹோஸை மாற்றிவிட்டு, கப்பியைப் பார்க்காமல் விட்டால் அடுத்த ஹோஸுக்கும் நாள் குறித்தாயிற்று. இங்கே தொட்ட இடம் சரி. தொடாமல் விட்ட இடமே தப்பு.

இரண்டு, கசிந்துகொண்டிருந்த நாட்களில் பம்புக்கு நேர்ந்த சேதம். மெக்கானிக் சொன்னது இதைத்தான். அந்த அளவில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மூன்று, பழைய குறை ஒன்று கசிவின் நிழலில் ஒளிந்திருப்பது. தூக்கி நிறுத்திய சுமை தானாக மெல்ல இறங்குகிறது. இத்தனை நாளும் “லீக் இருக்கு, இறங்கத்தான் செய்யும்” என்று விட்டிருப்பார்கள். லீக் நின்ற பிறகும் இறங்கும்போது பழுதுபார்த்தவர் தலையில் விடியும். இதற்கு அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 3691-1 தரநிலைப்படி, இவ்வகை வண்டியில் முழுச் சுமையோடு முதல் பத்து நிமிடத்தில் இறக்கம் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் கணக்குப்படி ஃபோர்க் 100 மில்லிமீட்டர் இறங்கத் தண்டு 50 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்; வெளியேறும் ஆயில் ஏறக்குறைய 200 மில்லி. நிமிடத்துக்கு 20 மில்லி, அதாவது நாலு டீஸ்பூன். அவ்வளவு நுண்ணிய ஒழுக்கே எல்லையைத் தொட்டுவிடும். தூக்கும் சிலிண்டர் வெளியே காய்ந்திருந்து, அதன் தலையிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயும் காய்ந்திருந்தால், ஒழுகுவது கண்ட்ரோல் வால்வின் ஸ்பூல் வழியே. அந்தக் குழாயில் ஆயில் வந்தால் குற்றவாளி சிலிண்டரின் உள் சீல்.

இந்தச் சோதனைகளில் எதற்கும் கையை விலையாகக் கொடுக்கக் கூடாது. கசிவைத் தேடி ஹோஸின் மேல் விரலை ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசித்துளையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் கொசுக்கடி போலத் தெரியும், ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலே போகலாம். ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். ஆயில் அதில் படும். ஹோஸைக் கழற்றும் முன் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி மிச்ச அழுத்தத்தை விடுங்கள். ஃபோர்க்கைத் தூக்கி வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் மாஸ்டைச் செயின் போட்டுக் கட்டி, கட்டை முட்டுக் கொடுங்கள். ஆயிலை நம்பி அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

தீர்ப்பு

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புவோம். மூத்தவர் சொன்னபடி மாற்றிய ஹோஸைப் பார்த்தார்கள். இணைப்பு சரி, அளவு சரி, காய்ந்திருந்தது. “பெரியவர் சொன்னதும் பொய்யாப்போச்சு” என்று மெக்கானிக் பம்பின் பக்கம் திரும்பினார்.

ஒரு சாட்சியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஃபோர்க் பாதி உயரம் வரை ஒழுங்காக ஏறியது. முனகல் அதற்கு மேல்தான். பம்பு தேய்ந்திருந்தால் அடியிலிருந்தே சோர்வு தெரியும். உறிஞ்சு குழாயில் ஓட்டையென்றால் அடியிலிருந்தே கடகடக்கும். ரிலீஃப் ஒழுகினால் சுமைதான் அதற்குக் கணக்கு, உயரம் கணக்கில்லை. உயரத்தோடு சேர்ந்து மாறுவது ஒன்றே ஒன்றுதான்: டேங்கில் மிச்சமிருக்கும் ஆயில். ஏற ஏற, அந்த 6 லிட்டர் டேங்கை விட்டுச் சிலிண்டருக்குப் போகிறது. மட்டம் உறிஞ்சு குழாயின் வாய்வரை இறங்கியதும் பம்பு காற்றைக் குடிக்கிறது. முனகுகிறது, துள்ளுகிறது, நிற்கிறது.

சனிக்கிழமை கொட்டியது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. மரத்தூளோடு குப்பைக்குப் போய்விட்டது. ஊற்றியது, கையிலிருந்த ஒரு ஐந்து லிட்டர் கேன். கேன் காலியானதையே டேங்க் நிறைந்ததாக எடுத்துக்கொண்டார்கள். மாஸ்டை முழுக்க இறக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தவர் எவருமில்லை. கடைசியாக அவர்கள் தொட்டது ஹோஸ் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசியாகத் தொட்டது டேங்கின் மூடி.

ஆக, நான்கு குரல்களுக்கும் என் தீர்ப்பு இதுதான். “ஏர் ஏறியிருக்கு” பாதி உண்மை. காற்று இருக்கிறது என்று சொல்லும், எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. “பம்பு போச்சு” நடக்கக்கூடியது. ஆனால் கடிகாரமும் கேஜும் சாட்சி சொல்லும் வரை ஏற்கத்தக்கதல்ல. “வால்வை டைட் பண்ணு” முழுக்கத் தள்ளத்தக்கது. “கடைசியாகத் தொட்டதை முதலில் பார்” என்பது தொடங்குவதற்குச் சிறந்த விதி. ஆனால் தொட்டது எது என்பதை நினைவை நம்பிச் சொல்லக் கூடாது. எழுதி வைத்திருக்க வேண்டும். கழற்றியது, மாட்டியது, வெட்டியது, சுற்றியது, ஊற்றியது எல்லாமே தொட்டதுதான். கொட்டிய அளவும் ஊற்றிய அளவும் அந்தச் சீட்டில் அருகருகே இருக்க வேண்டும்.

கசிவு நின்றால் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிற வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். காய்ந்த தரை, வேலை பாதி முடிந்ததற்கு மட்டுமே அத்தாட்சி. ஏழு முறை வெறுமனே ஏற்றி இறக்கி, பிறகு அளவுக்குச்சி பார்த்து, சுமையோடு உச்சிவரை ஏற்றி நொடிகளை எண்ணி, பத்து நிமிட இறக்கத்தையும் அளந்த பிறகே அது முடிந்த வேலை. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகும்.

அந்த வண்டிக்கு அன்று தேவைப்பட்டது நாலரை லிட்டர் ஆயில்.